மயிலாப்பூரில் பத்தரைக்கு மேல் டிபன்: எங்கே போவது, என்ன சொல்வது?

கேள்வி (பிப்ரவரி 2, ஞாயிறு)

நாங்கள் பெருங்குடியில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எட்டரைக்கு முன்னால் யாரும் எழுந்திருப்பதில்லை. குளித்துக் கிளம்பி மயிலாப்பூர் வந்து சேரும்போது பத்தரை, பதினொன்று ஆகிவிடுகிறது. காலை டிபனும் மதியச் சாப்பாடும் ஒன்றாக முடிகிற மாதிரி, நிதானமாக உட்கார்ந்து சாப்பிட எந்த இடம்? போன வாரம் ராயர் மெஸ் தேடிப் போனோம், "முடிஞ்சிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டார்கள். மயிலாப்பூர் டிபன் என்று எல்லோரும் பேசுவது வெறும் பேச்சுதானோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

பதில் (பிப்ரவரி 2, ஞாயிறு, மாலை)

வெறும் பேச்சு இல்லை. நேரம்தான் பிரச்சினை.

மயிலாப்பூர் மெஸ்கள் விடிந்ததும் வருகிறவர்களுக்காக நடப்பவை. கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்கள், லஸ்ஸில் நடைப்பயிற்சி முடித்தவர்கள், ஏழரை மணிக்குப் பசிக்கிற பெரியவர்கள். அருண்டேல் தெருவில் இருக்கும் ராயர் மெஸ்ஸில் காலை ஏழு வாக்கில் இட்லி, பொங்கல், வடை என்று தொடங்கும். பத்தரை வாக்கில் முடிந்துவிடும். அப்புறம் மூன்று மணிக்குத்தான். நீங்கள் போன நேரத்தில் கழுவி விட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

அதனால் முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள். மெஸ் வேண்டுமா, ஞாயிறு தூக்கம் வேண்டுமா? இரண்டும் ஒரே நாளில் கிடைக்காது. தூக்கம்தான் என்றால் மெஸ்ஸை மறந்துவிட்டு, நாள் முழுக்கத் தோசைக்கல் சூடாக இருக்கிற ஹோட்டலுக்குப் போங்கள். ராதாகிருஷ்ணன் சாலை நியூ உட்லண்ட்ஸ், வடக்கு மாட வீதி சரவண பவன் இரண்டும் அந்த வகை.

பிப்ரவரி 2, இரவு

விட்டுப்போனது: ராயர் மெஸ்ஸுக்குத் திங்கள் விடுமுறை. லீவு போட்டு வந்து ஏமாறாதீர்கள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இங்கே ஒருவர் கேட்டிருக்கிறார்: "இவ்வளவு கூட்டம் வருகிறதே, பன்னிரண்டு வரை திறந்து வைத்தால் என்ன? வியாபாரம் தெரியாதவர்கள்." இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இழையில் எனக்கு முக்கியமான விஷயமே இதுதான்.

சின்ன மெஸ்ஸின் சமையல் அளந்து செய்வது. இன்று இத்தனை படி அரிசி, இத்தனை உளுந்து என்று முந்தின நாள் ஊறப்போட்டு அரைத்தாகிவிட்டது. மாவு இரவு முழுக்கப் புளித்துக் காலையில் சரியான பக்குவத்துக்கு வரும். கூடுதலாகக் கூட்டம் வந்தால் உடனே இன்னொரு வாளி மாவு செய்ய முடியாது. கடையில் வாங்கிக் கலந்தால் முடியும், ஆனால் அப்புறம் அந்த இட்லிக்காக நாம் ஏன் அருண்டேல் தெருச் சந்துக்குள் போக வேண்டும்?

சட்னியும் அப்படித்தான். ராயர் மெஸ் கெட்டிச் சட்னியைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். தேங்காயும் பச்சை மிளகாயும் தண்ணீர் காட்டாமல் அரைத்தது, இலையில் வைத்தால் ஓடாது, வைத்த இடத்தில் நிற்கும். தண்ணீர் விட்டு நீட்டினால் இன்னும் நாற்பது பேருக்கு வரும். அவர்கள் நீட்டுவதில்லை, தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதுவும் அரைத்த தேங்காய்ச் சட்னி சென்னை வெயிலில் எவ்வளவு நேரம் தாங்கும்? பதினோரு மணிக்கு முகர்ந்து பார்த்துப் பரிமாற வேண்டிய சட்னியை விட, பத்தரைக்குத் தீர்ந்துபோகிற சட்னி மேல்.

இன்னொன்று, அங்கே நிற்பவர்களின் உடம்பு. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு அடுப்பு மூட்டுகிறவர், பத்தரைக்குப் பாத்திரம் கழுவி, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, மறுபடி மூன்று மணிக்கு எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்க வேண்டும். நடுவில் இருக்கிற அந்த இடைவெளியையும் நமக்குக் கொடுத்துவிடு என்று கேட்பது நியாயமில்லை. அளவாகச் செய்கிற கடைகள் அளவாகவே இருக்கட்டும். பெரிய போர்டு மாட்டி, நாள் முழுக்கத் திறந்து, நாலு கிளை போட்டு, மூன்றாம் வருஷம் ருசி காணாமல் போன இடங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

பிப்ரவரி 5, புதன்

தாமதமாகப் போனால் காபி நன்றாக இருக்குமா என்று கேட்டவருக்கு: பதினோரு மணிக் காபிக்கும் ஏழு மணிக் காபிக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். காலையில் முதலில் இறங்குகிற டிகாக்ஷன் கெட்டியாக இருக்கும். கூட்டம் குறைந்த நேரத்தில் சில இடங்களில் அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கியதைக் கலப்பார்கள், அல்லது காலையில் இறக்கியது சூட்டிலேயே இருந்து கசந்து போயிருக்கும். "ஸ்ட்ராங்கா" என்று மட்டும் சொன்னால் அந்தக் கசப்புதான் கூடுதலாக வரும். "டிகாக்ஷன் இப்ப இறக்கினதா?" என்று கேளுங்கள். பரிமாறுபவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "அஞ்சு நிமிஷம் ஆகும்" என்றால் தாராளமாக உட்காரலாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். முட்டி வலி, அதனால் நின்று சாப்பிடுகிற இடம் எதுவும் சரிப்படாது. பொன்னம்பல வாத்தியார் தெரு ஜன்னல் கடை எனக்கு உயிர். ஒரு பழைய வீட்டின் ஜன்னல் கம்பி வழியாகத் தட்டு வெளியே வரும், தெருவில் நின்றபடி சாப்பிட வேண்டும். பிச்சுப்பிள்ளைத் தெரு மாமி டிபன் ஸ்டாலிலும் நின்றுதான். வயதானவர்களோடு வருகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. இந்த இரண்டுக்கும் தனியாகவோ நண்பர்களோடோ, சீக்கிரம் எழுந்த நாளில் வாருங்கள்.

அதனால் நியூ உட்லண்ட்ஸ். பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. காலைக் கூட்டம் கலைந்து, சாப்பாட்டுக் கூட்டம் இன்னும் வராத நேரம். அம்மாவுக்குச் சாய்ந்து உட்கார நாற்காலி, யாரும் பின்னால் வந்து "முடிச்சிட்டீங்களா" என்று நிற்கவில்லை.

நாங்கள் சொன்னது ரவா தோசை. தாமதமாகப் போகிறவர்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன், காரணம் இருக்கிறது. ரவா தோசையை முன்கூட்டிச் செய்து வைக்கவே முடியாது. மாவு மோர் மாதிரி நீர்க்க இருக்கும், ரவை அடியில் போய்த் தங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் அடியோடு கலக்கி, கல்லின் ஓரத்தில் இருந்து நடுவுக்கு வீசி ஊற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது. கல் நன்றாகக் காய்ந்திருந்தால்தான் ஊற்றின உடனே அந்த ஓட்டைகள் விழும். பிறகு ஓட்டைகளில் எண்ணெய் விட்டு, திருப்பாமல், முறுகும்வரை விட வேண்டும். சாதா தோசையை விட இரண்டு மடங்கு நேரம் கல்லை அடைத்துக்கொள்ளும். எட்டரை மணிக் கூட்டத்தில் கேட்டால் பல இடங்களில் "ரவா லேட் ஆகும் சார்" என்பதன் காரணம் அதுதான். பதினோரு மணிக்கு மாஸ்டருக்கு அந்த நேரம் இருக்கிறது.

வந்த தோசை ஓரத்தில் கண்ணாடி மாதிரி உடைந்தது. மிளகு முழுசாகப் பல்லில் அகப்பட்டது. அம்மா நடுப்பகுதியை மட்டும் சாம்பாரில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, முறுகலை என் தட்டில் வைத்தாள். பல் சரியில்லையாம்.

பிப்ரவரி 10, திங்கள்

ரத்னா கஃபேயை ஏன் சொல்லவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். மயிலாப்பூரில் இல்லை, அதனால்தான். ஆனால் கேட்டவரின் நேரத்துக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

திருவல்லிக்கேணி ரத்னா கஃபே 1948-இல் தொடங்கியது. தொடங்கியவர் மதுராவில் இருந்து வந்த ஜெகதீஷ் லால் குப்தா. வடக்கே இருந்து வந்தவர் நடத்திய கடையின் சாம்பாருக்குச் சென்னை முழுக்க இன்னும் வரிசையில் நிற்கிறது. இட்லியை வைத்து, ஜக்கில் இருந்து சாம்பாரை மூழ்கும்வரை ஊற்றுவார்கள். கேட்டால் மறுபடி ஊற்றுவார்கள்.

தாமதமான டிபனுக்கு ஏன் பொருந்தும் என்றால், ஆவியில் இருந்து எடுத்து நேரமான இட்லி வெறும் சட்னியோடு சாப்பிட வறட்டும். அதையே கொதிக்கிற சாம்பாரில் ஊறவிட்டால் அந்தக் குறை தெரியாது. சாம்பாரும் அடுப்பில் இருந்து இருந்து பருப்பு கரைந்து சேர்ந்து நிற்கும். காலை ஏழு மணிச் சாம்பாரை விடப் பத்தரை மணிச் சாம்பார் எனக்குப் பிடிக்கும். இதில் என்னோடு வீட்டில் யாரும் ஒத்துப்போவதில்லை.

பெருங்குடியில் இருந்து பறக்கும் ரயிலில் வந்தால் திருமயிலையைத் தாண்டி முண்டகக்கண்ணியம்மன் கோயில், கலங்கரை விளக்கம், அடுத்தது திருவல்லிக்கேணி. அவ்வளவுதான்.

பிப்ரவரி 10, சற்று நேரம் கழித்து

ரயில் என்று எழுதியதும் தோன்றியது: மயிலாப்பூருக்கும் காரில் வராதீர்கள். லஸ் முனையில் மெட்ரோ வேலை நடக்கிறது. இரண்டு வழித்தடங்கள் சந்திக்கிற பெரிய சுரங்க நிலையம் திருமயிலையில் வருகிறது, அதற்காகத் தடுப்புப் போட்டு, பேருந்தையெல்லாம் சுற்றிவிட்டிருக்கிறார்கள். நீங்கள் பத்தரைக்கு வந்து சேர்வதற்குப் பாதிக் காரணம் தூக்கம், பாதிக் காரணம் இது. பெருங்குடியில் ஏறித் திருமயிலையில் இறங்கினால் மாட வீதிக்கு நடந்தே போய்விடலாம். பத்து மணிக்கு முன்னால் மெஸ் வாசலில் நிற்க உங்களுக்கு இருக்கிற ஒரே வழி இதுதான்.

பிப்ரவரி 13, வியாழன்

பொங்கல். தாமதமாகப் போகிறவர்கள் கேட்கக் கூடாத பண்டம் எது என்றால் இதைத்தான் சொல்வேன், மனசு வராமல்தான் சொல்கிறேன்.

வெண்பொங்கல் ஆற ஆற இறுகும். பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைந்து கஞ்சியாக இருந்தது, சூடு இறங்கினதும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நெய்யும் உறைந்து மேலே படலம் கட்டும். நல்ல சமையல்காரர் அவ்வப்போது வெந்நீரும் நெய்யும் விட்டுக் கிளறி இளக்கிக்கொண்டே இருப்பார். கூட்டம் இருக்கும்வரைதான் அந்தக் கவனிப்பு. பதினோரு மணிக்கு ஒரே ஒருவருக்காக யார் கிளறுவார்கள்?

மாட வீதிப் பக்கம் ஓர் ஹோட்டலில் பதினொன்றேகாலுக்குக் கேட்டேன். கிண்ணத்தில் அமுக்கிக் கவிழ்த்த வடிவம் குலையாமல் வந்தது. கரண்டியால் தொட்டால் துண்டாகப் பெயர்ந்தது. சொன்னதும் எடுத்துப் போய், மேலே சூடும் நடுவில் குளிருமாகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கொத்சு மட்டும் நன்றாக இருந்தது, அதைத் தனியாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.

பொங்கல் வேண்டுமென்றால் ஒன்பதுக்கு முன்னால். வடையும் கிட்டத்தட்ட அப்படியே, ஆனால் ஒரு வழி இருக்கிறது: ஆறின வடையைச் சாம்பார் வடையாகக் கேளுங்கள். கிழக்கு மாட வீதி கற்பகாம்பாள் மெஸ்ஸில் கீரை வடை சுடச்சுட வரும் நேரத்தில் இருந்தால் இந்த ஆராய்ச்சியெல்லாம் தேவையே இல்லை. கையில் எடுக்க முடியாத சூட்டில் பிட்டால் உள்ளே பச்சையாகக் கீரை தெரியும்.

பிப்ரவரி 17, திங்கள்

"நியூ உட்லண்ட்ஸ் பழைய டிரைவ்-இன்தானே" என்று ஒருவர். இல்லை. இரண்டும் வேறு. நியூ உட்லண்ட்ஸ் அன்றும் இன்றும் ராதாகிருஷ்ணன் சாலையில்தான். காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடக்கூடிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் கதீட்ரல் சாலையில் இருந்தது. 1962-இல் திறந்து 2008-இல் மூடினார்கள். அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா, 2010-இல் வந்தது. இரண்டுக்கும் பின்னால் இருந்தவர் உடுப்பிப் பக்கத்தில் இருந்து வந்த கிருஷ்ண ராவ். 1938-இல் ராயப்பேட்டையில் முதல் உட்லண்ட்ஸைத் தொடங்கியவர்.

நீங்கள் கேட்கிற ஞாயிறு காலை, காலையா மதியமா என்று தெரியாமல் நீண்டுகொண்டே போகிற டிபன், அது டிரைவ்-இன்னில்தான் நடந்தது. மரத்தடியில் அப்பா வண்டியை நிறுத்துவார். கண்ணாடியில் தட்டை மாட்டிவிட்டுப் போவார்கள். பூரி மாதிரி உப்பின சோளா பட்டூராவை யார் முதலில் குத்துவது என்று எனக்கும் தங்கைக்கும் சண்டை. பெரியவர்களுக்குக் காபி முடிந்து, பேப்பர் முடிந்து, இன்னொரு காபி. எழுந்திருங்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எழுத்தாளர்கள், வக்கீல்கள், வேலை தேடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள்.

மயிலாப்பூரைச் சுற்றி நல்ல சமையல் இன்னும் இருக்கிறது. உட்கார விடுகிற இடம்தான் குறைந்துவிட்டது. கேள்வி கேட்டவர் "நிதானமாக உட்கார்ந்து" என்று எழுதியிருந்தார். நான் அவருக்கு மணியையும் பண்டத்தையும் சொன்னேனே தவிர, அந்த இரண்டு சொல்லுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

நட்சத்திர ஹோட்டல் ஞாயிறு பஃபேக்குப் போகலாமா என்று இங்கே நீண்ட சண்டை நடந்திருக்கிறது. என் பங்குக்குச் சுருக்கமாக: உட்கார விடுகிறார்கள், அது உண்மை. ஆனால் பாத்திரத்தின் அடியில் சின்ன அடுப்பு வைத்து மூடிய இட்லி, மேலே மூடியில் இருந்து சொட்டுகிற ஆவி நீரில் நனைந்துதான் வரும். தோசைக்குத் தனியாகக் கல் போட்டு நிற்கிறார்களே, அங்கே மட்டும் வரிசையில் நில்லுங்கள். நாலு பேர் குடும்பத்துக்கு ஆகிற பணத்தில் மாட வீதியில் மாதம் முழுக்க ஞாயிறு டிபனை முடித்துவிடலாம். பிறந்தநாள், கல்யாண நாள் என்றால் போங்கள், சந்தோஷமாக இருங்கள்.

மார்ச் 3, திங்கள்

ரோஸ் மில்க்கை விட்டுவிட்டேன் என்று சத்தம் போட்டவருக்கு: மாட வீதி முனையில் காளத்தி, 1927-இல் இருந்து இருக்கிற பத்திரிகைக் கடை. ரோஸ் மில்க் அங்கேதான். டிபன் முடித்து, கோயிலுக்கும் போய்விட்டு, வெயிலில் நடந்து வரும்போது குடியுங்கள். டிபனோடு சேர்த்துக் குடித்தால் காபிக்கு வாயில் இடம் இருக்காது. கோயில் நடை மதியம் சாத்திவிட்டால் மறுபடி சாயங்காலம்தான், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பதினோரு மணிக்கு வந்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத் தரிசனம் என்றால் கதவைத்தான் பார்ப்பீர்கள்.

மார்ச் 16, ஞாயிறு

கேட்டவர் இன்று ரயிலில் வந்து, ஒன்பதே முக்காலுக்கு ராயர் மெஸ்ஸில் உட்கார்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். இட்லி கிடைத்தது, கெட்டிச் சட்னி இரண்டு தடவை கிடைத்தது, பொங்கல் தீர்ந்துவிட்டது. பையனுக்குப் பசி அடங்கவில்லையாம், "இதோடு மதியச் சாப்பாட்டை எப்படிச் சேர்ப்பது?" என்கிறார்.

சேர்க்க வேண்டாம். இரண்டாகப் பிரியுங்கள். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம், ஆனால் இந்த இழை ஓட ஓடத்தான் எனக்கே தெளிவாகிறது. மெஸ்ஸில் பத்துக்கு முன்னால் இரண்டு இட்லி, ஒரு வடை, அவ்வளவோடு எழுந்துவிடுங்கள். வெளியே நிற்கிறவர்களுக்கும் இடம் கிடைக்கும். அப்புறம் கோயில், குளக்கரை, வடக்கு மாட வீதியில் காய்கறி, வடாம், பித்தளைச் சாமான் என்று ஒரு சுற்று. பதினொன்றரைக்கு மறுபடி பசிக்கும், பையனுக்கு நிச்சயம் பசிக்கும். அப்போது உட்கார நாற்காலி இருக்கிற ஹோட்டலுக்குப் போய் ரவா தோசையும் புது டிகாக்ஷன் காபியும். வீட்டுக்குப் போய்ச் சமைக்க வேண்டியதில்லை.

மார்ச் 17, திங்கள்

இன்னொருவர்: "வெள்ளிக்கிழமை நோன்பு அடை எந்தக் கடையில் நன்றாக இருந்தது?" காரடையான் நோன்பு அடையைக் கடையில் வாங்குகிற காலம் வந்துவிட்டது, நானும் வாங்கியிருக்கிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் ஆவியில் இருந்து எடுத்த உடனே, வெண்ணெய் உருகி வழிய, வெல்ல அடையும் உப்படையும் மாற்றி மாற்றிச் சாப்பிட வேண்டியது அது. டப்பாவில் அடைத்த அடை காராமணி துருத்திக்கொண்டு ரப்பராகிவிடுகிறது. தெரிந்த மாமி யாராவது வீட்டில் செய்தால் அழைக்காமலே போய் நில்லுங்கள்.

மார்ச் 30, ஞாயிறு

கபாலீஸ்வரர் கோயில் பங்குனிப் பெருவிழா வருகிறது. ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர். அந்த இரண்டு நாளும் மாட வீதியைச் சுற்றி மேலே எழுதிய எந்த யோசனையும் செல்லாது. வண்டி உள்ளே வராது, மெஸ் வாசலை நெருங்க முடியாது. ஆனால் தெருத் தெருவாக நீர்மோர், பானகம், புளியோதரை, தயிர்சாதம், சுண்டல் என்று பந்தல் போட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். ராத்திரியெல்லாம் அரிசி ஊறவைத்து, வடித்து, தொன்னையில் போட்டுக் கொடுக்கிறவர்கள் பாதிப்பேர் சமையல் தொழில் செய்பவர்களே இல்லை, தெருக்காரர்கள். வாங்கிக்கொண்டு ஓரமாக நின்று சாப்பிடுங்கள். தொன்னையைக் கீழே போடாமல் குப்பைத் தொட்டி தேடிப் போடுங்கள்.

பையனுக்குச் செருப்பு வேண்டாம், ஷூ போட்டு விடுங்கள். கூட்டத்தில் மிதிபடும். ரயிலில் திரும்பும்போது திருமயிலையில் ஏற முடியாவிட்டால், மந்தைவெளி வரை நடந்து அங்கே ஏறுங்கள்.